மெயில்கவ்: அஞ்சலும் சாவியும் ஒரே சர்வரில்

சொந்த மின்னஞ்சல் சர்வர் வைக்க மெயில்கவ் நல்ல தொகுப்பு. அஞ்சலை அனுப்பிப் பெறும் போஸ்ட்ஃபிக்ஸ், சேமித்துக் கொடுக்கும் டவ்காட், ஸ்பாமை வடிகட்டும் ஆர்ஸ்பாம்டி, உலாவியில் அஞ்சல் படிக்க சோகோ எல்லாம் டாக்கர் கன்டெய்னர்களாக (ஒவ்வொரு நிரலும் தனித்தனிப் பெட்டியில் ஓடும் முறை) ஒரே கட்டில் வருகின்றன. குறைந்தது 6 ஜிபி ரேம் வேண்டும். அதற்குக் குறைவென்றால் கிளாம்ஏவி வைரஸ் ஸ்கேனரை அமைப்புக் கோப்பில் நிறுத்திவிடுங்கள். நினைவகத்தை அதிகம் தின்பது அதுதான்.

விபிஎஸ்ஸுக்கு (வாடகை மெய்நிகர் சர்வர்) பணம் கட்டும் முன்பே இரண்டைக் கேளுங்கள்: சர்வர்களுக்கு இடையே அஞ்சல் போகும் போர்ட் 25 திறந்திருக்கிறதா, ஐபி முகவரி எந்த சர்வர் பெயருக்குரியது என்று சொல்லும் பிடிஆர் பதிவை நாமே வைக்கலாமா? இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் ஜிமெயிலுக்கு ஒழுங்காக அஞ்சல் போகாது.

அஞ்சல்கள் வட்டில் என்கிரிப்ட் செய்துதான் சேமிக்கப்படுகின்றன என்பதைக் கேட்டதும் பலரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி எங்கே இருக்கிறது? அஞ்சல் ஒரு டாக்கர் வால்யூமில் (டாக்கர் தரவை வைக்கும் சேமிப்பிடம்), சாவி இன்னொரு வால்யூமில், வழக்கமான நிறுவலில் இரண்டும் ஒரே வட்டில். ரூட் அனுமதியோடு, அதாவது முழு அதிகாரத்தோடு உள்ளே வந்தவருக்கும், முழு சர்வரின் ஸ்னாப்ஷாட் (அப்படியே எடுத்த நகல்) கையில் உள்ளவருக்கும் இரண்டும் சேர்ந்தே கிடைக்கும். அஞ்சல் வால்யூமைத் தனி வட்டில் வைத்து, அந்த வட்டு மட்டும் கைமாறினால்தான் இந்தப் பூட்டு உதவும்.

பேக்கப்பிலும் இதே சிக்கல். அஞ்சல் வால்யூமை மட்டும் நகலெடுத்துவிட்டு சாவியை விட்டால், மீட்டபின் ஒரு கடிதத்தையும் படிக்க முடியாது. தொகுப்போடு வரும் பேக்கப் ஸ்கிரிப்டில் ‘எல்லாம்’ என்று கொடுத்தால் சாவியும் சேர்ந்து வரும். ஆனால் அந்த நகலுக்குப் பூட்டு கிடையாது. ரெஸ்டிக் போன்ற கருவியால் என்கிரிப்ட் செய்தபிறகே வெளியே அனுப்புங்கள்.

யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். டாக்கர் திறக்கும் போர்ட்கள் அதைத் தாண்டியே போகும். தரவுத்தளமும் ரெடிஸும் (தற்காலிகத் தரவை வைக்கும் நிரல்) இயல்பில் 127.0.0.1-இல், அதாவது அந்த சர்வருக்குள் மட்டும் கேட்கின்றன, அமைப்புக் கோப்பில் அந்த வரிகளைத் தொடவே வேண்டாம். தொடக்க நிர்வாகிக் கடவுச்சொல் ஆவணத்திலேயே அச்சாகியிருப்பதால், நிறுவிய கையோடு மாற்றுங்கள். இரு அடுக்குச் சரிபார்ப்பு வலைப்பக்க நுழைவுக்குத்தான், அஞ்சல் செயலிகள் பயன்படுத்தும் ஐமேப்புக்கு இல்லை. ஆகவே கைப்பேசியில் முதன்மைக் கடவுச்சொல்லை வைக்காமல், செயலிக் கடவுச்சொல் தனியாக உருவாக்கிக்கொள்ளுங்கள்.

சர்வர்களுக்கு இடையே அஞ்சல் போகும் வழியை என்கிரிப்ட் செய்யும் ஸ்டார்ட்டிஎல்எஸ் கட்டாயமல்ல. நடுவில் இருப்பவர் அதை அகற்றிவிட முடியும். என்கிரிப்ஷன் கட்டாயம் என்று மற்ற சர்வர்களுக்கு அறிவிக்கும் எம்டிஏ-எஸ்டிஎஸ் அல்லது டேன் அமைத்தால், அவற்றைச் சரிபார்க்கும் சர்வர்கள் அப்படி ஏமாறாது. டேனுக்கு டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதிவுகளுக்கு டிஜிட்டல் கையொப்பம்) அவசியம். எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் அனுப்பக்கூடிய சர்வர்களின் பட்டியல்), டிகிம் (அஞ்சலின் டிஜிட்டல் கையொப்பம்) இரண்டும் சரியாகும்வரை, இவற்றில் தேறாத அஞ்சலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கை ‘நன்’னில் (எதுவும் செய்யாதே) வைத்து அறிக்கைகளைப் பாருங்கள், பிறகு ‘ரிஜெக்ட்’. இவ்வளவு செய்தும், ஜிமெயில்காரருக்கு நீங்கள் எழுதியதன் பிரதி கூகுளிடம் இருக்கத்தான் செய்யும்.

மெயில்கவ் கையில் இல்லாத ஒன்று டொமைன். அது காலாவதியாகி வேறொருவர் வாங்கினால், உங்கள் வங்கி அனுப்பும் கடவுச்சொல் மீட்பு அஞ்சலும் அவருக்கே போகும். தானியங்கிப் புதுப்பிப்பை இயக்குங்கள். டொமைன் பதிவாளர் கணக்கின் மீட்பு முகவரியாக அதே டொமைனைக் கொடுக்காதீர்கள். சர்வர் படுத்துவிட்டால் அந்தக் கணக்குக்குள்ளும் நுழைய முடியாது.