பெரிய வீட்டுக்குக் காற்றோட்டம்: எக்ஸாஸ்ட் ஃபேனா, ஏசி பிளோயரா, ஈஆர்வியா?

எங்கள் வீட்டு வரைபடம் 5,000 சதுர அடியைத் தொட்டபோது காற்றோட்டத்துக்கு மூன்று வழிகளை எடைபோட்டோம். கடைசியில் வைத்தது ஈஆர்வி, அதாவது வெளியேறும் காற்றின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் உள்ளே வரும் புதுக்காற்றோடு பரிமாறும் மெஷின்; அதுவும் தனி டக்டோடு (காற்றுக்குழாயோடு). அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

முதலில் கணக்கு. அமெரிக்காவின் வீட்டுக் கட்டுமான விதித்தொகுப்பான ஐஆர்சிப்படி சதுர அடிப் பரப்பை 0.01ஆல் பெருக்க வேண்டும். படுக்கையறை எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி 7.5ஆல் பெருக்கி, அதையும் சேர்க்க வேண்டும். 5 படுக்கையறை என்றால் எங்களுக்கு 95 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று). காற்றோட்டத்துக்கான இன்னொரு அமெரிக்கத் தரநிலையான ஆஷ்ரே 62.2 பரப்பை 0.03ஆல் பெருக்குவதால், இடுக்குகள் வழியே தானாக நுழையும் காற்றைக் கழிப்பதற்கு முன் 195 வருகிறது. வீடு பெரிதாகப் பெரிதாக இந்த இடைவெளி விரியும். உங்கள் பகுதியில் எது செல்லும் என்று கேட்டுக்கொண்டே மெஷினைத் தேர்ந்தெடுங்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேன் செலவு குறைவு, வேலை எளிது. குளியலறை ஃபேன் ஒன்றிரண்டை நிற்காமல் ஓடவிட்டாலே 95 வந்துவிடும், ஆய்விலும் தேறிவிடும். ஆனால் வெளியே தள்ளிய காற்றுக்கு ஈடான காற்று எந்த இடுக்கு கிடைக்கிறதோ அதன் வழியே நுழையும். ஒட்டியிருக்கும் கார் கராஜாகவும் இருக்கலாம், பரணாகவும் இருக்கலாம்.

டக்ட் வழியே வீடு முழுக்கக் குளிர்விக்கும் ஏசியின் பிளோயரோடு (காற்றைத் தள்ளும் விசிறி) வெளிக்காற்றுக் குழாயை இணைப்பது இரண்டாவது வழி. டக்ட் எல்லா அறைக்கும் ஏற்கெனவே போவதால் பரவல் நன்றாக இருக்கும். சிக்கல் ஓடும் நேரத்தில். மணிக்கு 20 நிமிடம் மட்டும் ஓடினால், அந்த நேரத்தில் மூன்று மடங்கு காற்றை இழுக்க வேண்டும். குளிரூட்டல் நின்ற பிறகும் பிளோயர் சுற்றினால், காற்றைக் குளிர்விக்கும் காயிலில் தங்கிய ஈரம் மறுபடி வீட்டுக்குள்ளேயே வரும். புழுக்கமான இடங்களில் இது பெரிய தொல்லை.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்விதான்: கதவு மூடிய படுக்கையறைக்குக் காற்று போகிறதா? விதி கேட்பது முழு வீட்டுக்கான மொத்தக் காற்றளவு. பெரிய வீட்டில் அந்தக் காற்றையெல்லாம் கூடத்திலேயே கொட்டிவிட்டு, கோடியில் இருக்கும் அறையைப் பட்டினி போடலாம். இரண்டு பேர் கதவை மூடித் தூங்கும் அறையில், காற்று வராவிட்டால், கார்பன் டை ஆக்சைடு விடிவதற்குள் 2,000 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) தாண்டிவிடும். அதே அறைக்குள் 25 சிஎஃப்எம் புதுக்காற்று விழுந்தால் 1,000ஐ ஒட்டி நிற்கும். நாங்கள் ஈஆர்வியிலிருந்து ஒவ்வொரு படுக்கையறைக்கும் தனி சப்ளை (புதுக்காற்று வரத்து) கொடுத்தோம். குளியலறைகளிலும் துணி துவைக்கும் அறையிலும் இருந்து இழுக்கிறோம். ஐஆர்சியின் 2021 பதிப்பு இப்படி அறைக்கு அறை சப்ளை கொடுக்கும் சமநிலை அமைப்புக்கு (உள்ளே வருவதும் வெளியே போவதும் ஏறக்குறைய சமம்) தேவையான காற்றளவில் 30 சதவீதம் தள்ளுபடி தருகிறது. கூடம், சாப்பாட்டறை, சமையலறை ஆகியவற்றில் ஒன்றுக்காவது சப்ளை போயிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வரைபடத்தில் எழுதிய எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொரு கிரில்லிலும் அளவுக்கருவியை வைத்துப் பார்க்கச் சொன்னோம். மாடிக் கோடி அறையில் 25க்குப் பதில் 14தான் வந்தது. உத்தரத்துக்கு மேலே ஃப்ளெக்ஸ் டக்ட் மடங்கிக் கிடந்தது. நிமிர்த்திக் கட்டியதும் சரியாயிற்று. சீலிங் போர்டு அடிப்பதற்கு முன்பே அளந்ததால் அரைமணி நேரத்தில் முடிந்தது.

பராமரிப்பு என்று பார்த்தால் ஈஆர்விதான் அதிகம் கேட்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபில்டரை எடுத்துப் பார்க்க வேண்டும். வெளிக்காற்று நுழையும் வலையில் பஞ்சும் பூச்சியும் அடைத்துக்கொள்ளும். எட்டாத பரணில் மெஷினை வைத்தால் யாரும் ஏறிப் பார்க்க மாட்டார்கள்; கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

ஈஆர்விக்குப் பதில் எச்ஆர்வி போதுமா என்றால், ஈரப்பதத்தையும் பரிமாறுவது ஈஆர்வி, வெப்பத்தை மட்டும் பரிமாறுவது எச்ஆர்வி. கடுங்குளிரில் நான் இருந்ததில்லை. அங்கே கோர் (மெஷினுக்குள் பரிமாற்றம் நடக்கும் பகுதி) உறைவதைச் சமாளித்த அனுபவம் உள்ளவர்களிடம் கேட்பது நல்லது.

அப்புறம், மூன்றில் எதை எடுத்தாலும் அடுப்பு ஹூட் (சிம்னி) தனிக் கணக்கு. அதை ஈஆர்வி டக்டில் சேர்க்காதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு கோரைக் கெடுத்துவிடும். ஹூட் 400 சிஎஃப்எம்மைத் தாண்டினால், புகை வெளியேற வீட்டின் காற்றையே நம்பியிருக்கும் அடுப்போ ஹீட்டரோ உள்ளே இருக்கும்பட்சத்தில், ஐஆர்சி மேக்கப் ஏர் (வெளியேறியதற்கு ஈடான வெளிக்காற்றுக்கு ஏற்பாடு) கேட்கும். பெரிய சமையலறைக்குப் பெரிய ஹூட் வாங்கும் முன் இதைக் கட்டுநரிடம் பேசிவிடுங்கள்.