ஒருவர் செலவழிக்கும் தண்ணீரை எதால் அளப்பது? குழாய்க் கணக்கும் மறைநீர்க் கணக்கும்

நாடுவாரியாக ஓர் ஆளுக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்ற பட்டியலை முதல் தடவை பார்த்தபோது என் கண் நைஜரில் போய் நின்றது. மேற்கு ஆப்பிரிக்காவில், பாதிக்கு மேல் சஹாராப் பாலைவனமாகக் கிடக்கும் நாடு அது. கம்பும் சோளமும்தான் அங்கே சாப்பாடு. ஒருவரின் நீர்த்தடம், அதாவது அவர் உண்பது, உடுப்பது, புழங்குவது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆகும் தண்ணீர், வருடத்துக்கு 3,519 கன மீட்டர் என்று போட்டிருந்தது. அமெரிக்கருக்கு 2,842. இந்தியருக்கு 1,089. உலகச் சராசரி 1,385. நீர் ஆய்வாளர்கள் ஆர்யென் ஹூக்ஸ்ட்ராவும் மெஸ்ஃபின் மெகோனனும் 1996 முதல் 2005 வரையிலான தரவுகளை வைத்து 2012இல் வெளியிட்ட கணக்கு இது. அச்சுப் பிழை எதுவும் இல்லை.

அப்படியென்றால் நைஜர் கிராமத்துப் பெண் அமெரிக்கரைவிடத் தண்ணீரை வாரி இறைக்கிறாரா? இல்லவே இல்லை. எந்த அளவுகோலைக் கையில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து யார் அதிகம், யார் குறைவு என்பதே தலைகீழாகிவிடுகிறது. அதனால் புழக்கத்தில் உள்ள அளவுகோல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் குழாய்க் கணக்கு. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, கழிவறைக்கு, தோட்டத்துக்கு என்று வீட்டில் ஒருவர் புழங்கும் தண்ணீர் மட்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்வது ஆளுக்கு ஒரு நாளைக்கு 82 கேலன், அதாவது சுமார் 310 லிட்டர். நம் பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடிக்கும் என்று வைத்தால் 20 குடத்துக்கு மேல். இந்தியாவில் 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஓர் ஆளுக்கு வைத்திருக்கும் இலக்கு 55 லிட்டர். நாலு குடம்கூட முழுசாக இல்லை. நைஜரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு 'அடிப்படைக் குடிநீர் வசதி' என்பதே எட்டவில்லை. அந்த வசதிக்கு ஐ.நா. அமைப்புகள் வைத்திருக்கும் வரையறையும் தாராளமானது ஒன்றும் இல்லை: பாதுகாப்பான ஓர் இடத்துக்குப் போய், வரிசையில் நின்று, பிடித்துக்கொண்டு திரும்ப 30 நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது, அவ்வளவுதான். அதுவே பாதிப் பேருக்கு இல்லை.

இந்தக் கணக்கின் பலம், ஏற்றத்தாழ்வைப் பளிச்சென்று காட்டிவிடும் என்பது. ஒரே ஊருக்குள்ளேகூடக் காட்டும். 2018இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் வறண்டபோது ஆளுக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு வந்தது. அதே நகரத்தை வைத்து 2023இல் வெளியான ஓர் ஆய்வு, மக்கள்தொகையில் சுமார் 14 சதவீதமாக இருக்கும் வசதியானவர்கள் நகரின் வீட்டுத் தண்ணீரில் பாதிக்கு மேல் எடுப்பதாக மதிப்பிட்டது. நீச்சல் குளம், புல்வெளி, தோட்டம். மக்களில் 60 சதவீதத்துக்கு மேல் இருக்கும் ஏழைகளுக்குப் போனது கால்வாசியைக் கொஞ்சம் தாண்டிய அளவுதான். 'நகரத்தின் சராசரி' என்று ஒரே எண்ணாகச் சொன்னால் இது அத்தனையும் மறைந்துபோகும்.

பலவீனமும் உண்டு. மனிதர்களின் மொத்த நீர்த்தடத்தில் 92 சதவீதம் விவசாய விளைபொருட்களுக்குள் இருக்கிறது. வீட்டுக் குழாய்த் தண்ணீர் சொற்பம். குளிக்கும்போது அரை வாளி மிச்சம் பிடித்துவிட்டு வந்து ஒரு காபி குடித்தால், அந்த ஒரு சின்ன கப்புக்குப் பின்னால் சுமார் 130 லிட்டர் இருக்கிறது. ஒன்பது குடம். தேநீர் என்றால் பெரிய கோப்பைக்கே 27 லிட்டர்தான். பருத்திச் சட்டை ஒன்றுக்கு 2,500 லிட்டர். இவை உலகச் சராசரிகள். குழாய் மீட்டர் இதில் எதையும் பார்க்காது.

இங்கேதான் மறைநீர் வருகிறது: ஒரு பொருளை விளைவிக்க, தயாரிக்கச் செலவாகி, கண்ணுக்குத் தெரியாமல் அதற்குள் மறைந்திருக்கும் தண்ணீர். லண்டன் பேராசிரியர் டோனி ஆலன் 1990களில் ஒரு கேள்வி கேட்டார்: மத்தியக் கிழக்கில் இத்தனை தண்ணீர்த் தட்டுப்பாடு இருந்தும் தண்ணீருக்காகப் பெரிய போர் ஏன் வரவில்லை? கோதுமையாக, தானியமாகத் தண்ணீர் கப்பலில் வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது என்பது அவர் கண்ட பதில். 2002இல் ஹூக்ஸ்ட்ரா அதை ஓர் ஆளின், ஒரு நாட்டின் கணக்காக மாற்றினார்; அதுதான் நீர்த்தடம். ஜோர்டான் மக்களின் நீர்த்தடத்தில் 86 சதவீதம் அந்நாட்டு எல்லைக்கு வெளியே இருக்கிறது என்பது இந்த அளவுகோல் இல்லாமல் தெரியவே வராது. அந்த அளவில் இது பெரிய கண்திறப்பு.

சரி, நைஜர் ஏன் மேலே போனது? அங்கே தானியம் உண்பது உலகச் சராசரியைப் போல 1.4 மடங்கு. ஒரு கிலோ தானியத்துக்கு ஆகும் தண்ணீரோ 6.3 மடங்கு. மண்ணில் சத்து இல்லை, உரம் இல்லை, மழை தப்பினால் எல்லாமே போச்சு. விளைச்சல் குறைந்தால் கிலோவுக்கான தண்ணீர்க் கணக்கு தானாக ஏறும். அமெரிக்கருடைய எண் பெருத்திருப்பதற்குக் காரணம் வேறு. அங்கே மாட்டிறைச்சி உண்பது உலகச் சராசரியைப் போல நாலரை மடங்கு. மாட்டிறைச்சிக்கு கிலோவுக்கு 15,400 லிட்டர். ஒன்று வறுமையின் தடம், இன்னொன்று வசதியின் தடம். பட்டியலில் இரண்டும் ஒரே நிறத்தில் நிற்கின்றன.

இதைத் தீர்க்க ஹூக்ஸ்ட்ராவின் முறையிலேயே ஒரு வழி இருக்கிறது. பச்சைநீர், நீலநீர், சாம்பல்நீர் என்று அவர் மூன்றாகப் பிரிக்கிறார். சாம்பல்நீர் என்பது கழிவை நீர்க்கச் செய்யத் தேவைப்படும் தண்ணீர். அதை விடுங்கள், மற்ற இரண்டும் நம் விவசாயிகளுக்குப் புதிதே இல்லை. பச்சைநீர் மானாவாரி, நீலநீர் இறவையும் ஆற்றுப் பாசனமும். நைஜரில் ஜூன் மழைக்கு விதைத்த கம்பு குடிப்பது பெரும்பாலும் அந்த நிலத்தில் விழுந்த மழையை. கம்பு போடாவிட்டால் அங்கே முளைக்கும் புல் அதைக் குடித்திருக்கும். அடுத்தவர் கிணற்றிலிருந்து அது வரவில்லை. அமெரிக்காவின் கொலராடோ ஆறு அநேக வருடங்கள் கடலைத் தொடாமலே வற்றிப்போகிறது. மாட்டுக்குப் போடும் குதிரைமசாலும் மற்ற தீவனமும்தான் அந்தத் தண்ணீரை அதிகம் குடிப்பவை. இரண்டையும் லிட்டருக்கு லிட்டர் சமம் என்று கூட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் தட்டிலேயே இதைப் பார்க்கலாம். அரிசிக்கு கிலோவுக்குச் சுமார் 2,500 லிட்டர், பருப்பு வகைகளுக்கு 4,055 லிட்டர் என்கிறது உலகச் சராசரி. எண்ணை மட்டும் பார்த்தால் பருப்பைக் குறைக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் இந்தியாவில் துவரை பெரும்பாலும் மானாவாரி. பஞ்சாப் நெல்லோ ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் விளைகிறது. அங்கே நிலத்தடி நீர் இறங்கிய வேகத்தைப் பார்த்து, ஜூன் 10க்கு முன்னால் நாற்று நடக்கூடாது என்று 2009இல் சட்டமே போட்டார்கள். கோடை வெயிலில் வயலில் தேங்கிய தண்ணீர் ஆவியாகிப் போகாமல் இருக்கத்தான். அப்படி இறைத்து விளைவித்த பாசுமதியில் கணிசமான பங்கு சவூதிக்கும் ஈரானுக்கும் கப்பலேறுகிறது. என் கணக்கில் பருப்பு ஜெயிக்கிறது, எண் என்ன சொன்னாலும்.

மூன்றாவது அளவுகோல் ஒன்று இருக்கிறது, 2014இல் வந்த ஐ.எஸ்.ஓ. 14046 என்ற சர்வதேசத் தரநிலையின் வழி. தட்டுப்பாடு உள்ள இடத்து லிட்டருக்கு அதிக எடை, ஈரமான இடத்து லிட்டருக்குக் குறைந்த எடை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஹூக்ஸ்ட்ரா கடைசிவரை இதை ஏற்கவில்லை. எடை போட்ட பிறகு அந்த 'லிட்டர்' உண்மையான லிட்டராக இல்லை, மழை கொட்டும் நாட்டில் வீணாக்குவதற்கும் அது சலுகை கொடுத்துவிடும் என்பது அவர் வாதம். அதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எடையே போடாமல் கூட்டினால் நைஜர் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறதே. கம்பெனிகள் தங்கள் சப்ளையர்களைச் சரிபார்க்க இந்த முறை உதவும். மளிகைக் கடையில் நிற்கும் ஆளுக்கு அந்த எடை எண்களால் ஒன்றும் ஆகாது.

யாருக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை என்பது கேள்வியானால் நான் குழாய்க் கணக்கைத்தான் எடுப்பேன், அதுவும் சராசரியை உடைத்து, தெருவாரியாக. ஒரு நாடு இன்னொரு நாட்டின் நிலத்தடி நீரைச் சாப்பிடுகிறதா என்று கேட்டால் மறைநீர்க் கணக்கு, அதிலும் நீலநீர் மட்டும். மொத்த நீர்த்தடத்தை வைத்து நாடுகளை வரிசைப்படுத்தும் பட்டியலை இரண்டுக்குமே பயன்படுத்த மாட்டேன். என் வீட்டில் நான் மாற்றியது இரண்டு விஷயம். வாரத்தில் இரண்டு நாள் அரிசிக்குப் பதில் கம்பும் கேழ்வரகும். சட்டை கிழியும் வரை புதுசு வாங்குவதில்லை. குளிக்கும் வாளியையும் குறைத்தேன், ஆனால் காரணம் வேறு. எங்கள் தெருவுக்கு வரும் அதே லாரியில்தான் பின்தெருவுக்கும் வருகிறது, அவர்கள் முறை எங்களுக்கு அப்புறம்.