பிள்ளை பெற்றவளுக்கு எது: போத்தல் அரிஷ்டமா, அம்மியில் அரைத்த சரக்கா?

தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு திரும்பிய அன்றே கல்முனை வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. அவளுடைய மாமி தசமூலாரிஷ்டம் ஒரு போத்தல் வாங்கி வந்தார். அம்மாவோ அதற்குள் சரக்கு என்னும் பத்தியக்கறி மசாலாவை அரைக்க அம்மியைக் கழுவிவிட்டார்.

அரிஷ்டத்தின் பெயரிலேயே கணக்கு இருக்கிறது: தசமூலம் என்றால் பத்து வேர். வில்வம், குமிழ், முன்னை, பாதிரி, பெருவாகை என்று மரவேர் ஐந்து. கண்டங்கத்தரி, முள்ளி, நெருஞ்சில், ஓரிலை, மூவிலை என்று செடிவேர் ஐந்து. இந்தப் பத்தையும் வேறு மருந்துகளோடு காய்ச்சி வடித்து, வெல்லமும் தேனும் காட்டாத்திப் பூவும் இட்டு மூடிவைத்தால் கஷாயம் தானே புளித்து மதுச்சாரம் ஊறும். 5 முதல் 10 வீதம் வரை இருக்கும். மருந்து கெடாமல் நிற்பதும் அதனால்தான். பிரசவக் களைப்பு, வாய்வு, பசியின்மை, இருமல் ஆகியவற்றுக்கு ஆயுர்வேதம் இதைக் கொடுக்கிறது. சாப்பிட்டபின் 15 முதல் 30 மில்லி லீட்டர், அதே அளவு தண்ணீருடன். அரைக்கவும் வேண்டாம், வடிக்கவும் வேண்டாம்.

ஆனால் அந்த மதுச்சாரம்தான் இடிக்கிறது. பக்கத்து வீட்டு முஸ்லிம் ராத்தா தன் மகளுக்கு அதைத் தொடவே விடவில்லை. ஒரு வேளைக்கு உள்ளே போவது சொற்பம்தான்; என்றாலும் தாய்ப்பாலில் கலக்கும். கர்ப்பத்தில் சீனி வருத்தம் இருந்தவளுக்கு வெல்லமும் ஆகாது.

சரக்கில் மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு (சுக்கு), திப்பிலி. வறுத்து அரைத்து, உள்ளி (பூண்டு) தட்டிப்போட்டுச் சுறாவைக் கறியாக்கினால் வாசலிலேயே பசிக்கிறது. காரத்தின் பெருமை பாதிதான்; மீதிப் பெருமை அந்த மீனுக்கு. பிரசவத்தின் 31ஆம் நாள் கழியும் வரை, ராத்தா வீட்டில் நாற்பது நாள் முடியும் வரை, தாய்க்கு நாள்தோறும் புரதம் சேர்ந்துவிடுகிறது. எந்தப் போத்தலிலும் அது இல்லை.

சரக்கின் பெயரால் வரும் தண்ணீர்த் தடையை மட்டும் நான் ஏற்கமாட்டேன். பால் கொடுப்பவளைத் தாகத்தோடு வைப்பது பத்தியமல்ல, வதை. வயிற்றெரிவு உள்ளவளுக்கு மிளகையும் குறைக்க வேண்டும்.

கிளினிக்கில் தந்த இரும்புச்சத்துக் குளிசைக்கு இரண்டும் மாற்றாகாது. காய்ச்சலோ மிகுந்த இரத்தப்போக்கோ வந்தால் அம்மியும் வேண்டாம், போத்தலும் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும்.

என் வாக்கு சரக்குக்கே. குழந்தை பால் மறந்தபின், வைத்தியர் சொன்னால் அரிஷ்டம் குடிக்கட்டும்.

வாங்கிய போத்தல் வீண்போகவில்லை. தங்கையின் மாமனாருக்குத் திடீரென வாய்வுத் தொல்லை கண்டிருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 30 மில்லியை அவர் ஒருநாளும் மறப்பதில்லை.