டைனமோ போய் ஆல்டர்நேட்டர் வந்த அம்பாசிடர்: செய்ததை எதில் பதிந்து வைப்பது?

பழைய அம்பாசிடரில் பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோவை எடுத்துவிட்டு, குறைந்த வேகத்திலும் சார்ஜ் தரும் ஆல்டர்நேட்டர் போடுவது வீட்டிலேயே முடிகிற வேலைதான். லூகாஸ் சி40/1 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும்; ஐட்லிங்கில் சார்ஜ் ஏறாது. மாற்றியதும் அந்தத் தொல்லை தீரும். அடுத்த தொல்லை சில வருஷம் கழித்து வரும். வழியில் வண்டி நின்றிருக்கும்; அறிமுகமில்லாத எலக்ட்ரீஷியன் பானெட்டைத் திறப்பார். அழகுக்காக விட்டுவைத்த கட்-அவுட் பெட்டியை (டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்திய பழைய ரெகுலேட்டர்) பார்த்து, டைனமோதான் இருக்கிறது என்று நினைத்து, ‘டி’, ‘எஃப்’ முனைகளின் ஒயர்களைச் சேர்த்து வோல்ட் பார்ப்பார். டைனமோவுக்கு அதுதான் வழக்கமான சோதனை. இங்கே அது தப்பான முடிவைத்தான் சொல்லும். அந்த நேரத்தில் அவர் கைக்கு எது உதவும் என்று பார்த்தால், பதிவு முறைகளில் எது தேறும் என்பது தெரிந்துவிடும்.

எல்லோரும் முதலில் நம்புவது செல்போன் படம். கழற்றுவதற்கு முன் எடுத்தால் அதற்கு ஈடில்லை: தூரத்திலிருந்து ஒன்று, நடுத்தரமாக ஒன்று, பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேல் வைத்து நெருக்கமாக ஒன்று. ஆனால் துணி சுற்றிய பழைய ஒயரில் சாயம் போயிருக்கும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகத்தான் தெரியும். பகல் வெளிச்சத்தில் எடுங்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒயர் எங்கே போகிறது என்பதைப் படம் காட்டாது. வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் தெளிவு குறைந்துவிடும், எடுத்த தேதியும் போய்விடும். டாக்குமென்டாக அனுப்ப வேண்டும்.

கட்டு நோட்டு இதைவிட மேல். இடது பக்கம் சர்க்யூட் படம், வலது பக்கம் விவரம். பென்சிலால் எழுதுங்கள், பல ஜெல் பேனாக்களின் மை ஈரம் பட்டால் கரைந்துவிடும். எழுத வேண்டியது இந்த அளவுக்கு: தேதி, ஓடிய கிலோமீட்டர், கட்-அவுட் பெட்டியின் ‘ஏ’, ‘ஏ1’ முனைகளில் இருந்த ஒயர்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன, ‘டி’யில் இருந்த இரண்டும் சேர்ந்து ஆல்டர்நேட்டரின் வார்னிங் லைட் முனைக்குப் போகின்றன, ‘எஃப்’ இரு முனையிலும் டேப் சுற்றி ஒதுக்கப்பட்டது, ஆல்டர்நேட்டரிலிருந்து ஸ்டார்ட்டர் சாலினாய்டின் பேட்டரி பக்கத்துக்குப் புதிதாக 6 சதுர மில்லிமீட்டர் கேபிள், பேட்டரி முனையில் 14.2 வோல்ட். வார்னிங் பல்பு 2.2 வாட் என்பதையும் விடாதீர்கள். அந்த பல்பு ஃபியூஸ் போனால் பல ஆல்டர்நேட்டர்கள் குறைந்த வேகத்தில் சார்ஜ் செய்யத் தொடங்காது; பலர் ஆல்டர்நேட்டரையே கழற்றி ரிப்பேருக்குக் கொண்டுபோவது இதனால்தான். நோட்டின் ஒரே குறை, வண்டி பாதி வழியில் நிற்கும்போது அது வீட்டு அலமாரியில் இருக்கும்.

கூகுள் ஷீட் ஒயரிங்குக்கு உதவாது, உதிரிபாகத்துக்கு உதவும். கடையில் “எந்த வண்டி சார்?” என்பார்கள். அம்பாசிடர் என்றால் டைனமோ பெல்ட்டைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். எந்த வண்டியின் ஆல்டர்நேட்டர், பெல்ட் நம்பர், பேரிங் நம்பர், பிராக்கெட்டைச் செய்த லேத் பட்டறை ஆகியவை ஷீட்டில் இருந்தால் போனிலேயே தேடிச் சொல்லலாம். பில்லையும் படமெடுத்துச் சேருங்கள். தெர்மல் பேப்பர் பில் சில மாதங்களில் வெளுத்துவிடும்.

எலக்ட்ரீஷியனுக்கு நேரடியாக உதவுவது வண்டியிலேயே தொங்கும் சீட்டுதான். மாஸ்கிங் டேப் வேண்டாம். எஞ்சின் சூட்டில் பசை காய்ந்து உதிரும். எண் எழுதிய சின்னக் காகிதத்தை ஒயரில் சுற்றி, மேலே நிறமில்லாத ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை (சூடு பட்டால் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய்) போட்டுச் சுருக்குங்கள். இரு முனையிலும் ஒரே எண், நோட்டிலும் அதே எண். கட்-அவுட் மூடியில் அலுமினியத் தகடு: “காலிப் பெட்டி. ஆல்டர்நேட்டர் உண்டு.” பேட்டரி பக்கத்தில் “நெகட்டிவ் எர்த்” (பேட்டரியின் நெகட்டிவ் முனை வண்டி பாடியோடு இணைந்தது) என்று இன்னொன்று, முன்பு பாசிட்டிவ் எர்த்தாக இருந்த வண்டியென்றால் கண்டிப்பாக. பேட்டரியின் முனைகளைத் தலைகீழாக மாற்றி இணைத்தால் ஆல்டர்நேட்டருக்குள் இருக்கும் டயோடுகள் அந்த நொடியே போய்விடும்.

நேரம் குறைவென்றால் தகடும் நோட்டும் போதும். ஷீட்டைப் பிறகு நிரப்பலாம். நோட்டின் சர்க்யூட் பக்கத்தை நகலெடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, டேஷ்போர்டு பெட்டியில் வையுங்கள்.

50 வருஷம் தாண்டிய வண்டிக்கு ‘விஏ’ (விண்டேஜ் வண்டி) பதிவெண் வாங்க நினைப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது 2021 விதி. கழற்றிய டைனமோ, பிராக்கெட், பழைய போல்ட்டுகளுக்கும் அதே வரிசையில் எண் போட்டு, எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று நோட்டில் எழுதிவிடுங்கள்.