மெத்தில்பெனிடேட் மாத்திரை: ஒரு வருஷத்துக்கு மேல் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமையும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும்) என்று உறுதியாகி மருத்துவர் இந்த மாத்திரையை எழுதியதும் வீட்டுப் பெரியவர்கள் கேட்பது இதுதான்: "ஏற்கெனவே துள்ளுற பயலுக்கு எதுக்கு இன்னும் தூண்டிவிடுற மருந்து?" நியாயமான கேள்வி. தூண்டப்படுவது கை காலல்ல, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி. ஒரு வேலையில் நிலைத்து நிற்பதும், நினைத்ததை உடனே செய்யாமல் அடக்குவதும் அதன் பொறுப்பு. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்த அங்கே சுரக்கும் டோபமைன், நார்அட்ரினலின் என்ற ரசாயனங்களை நரம்பு முனை திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மெத்தில்பெனிடேட் அந்த வழியை அடைக்கிறது. மதகை இறக்கினால் கண்மாயில் தண்ணீர் நிற்கிற மாதிரி. ஏடிஎச்டிக்கான இன்னொரு தூண்டு மருந்தான ஆம்பெட்டமைன் வகையோ வரத்துக் கால்வாயையும் சேர்த்துத் திறந்துவிடும். 1944-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாந்த்ரோ பனிசோன் இதை உருவாக்கினார். ரீட்டலின் என்ற இதன் விற்பனைப் பெயர் அவர் மனைவி ரீட்டாவை வைத்து வந்தது.

நாள்பட்ட பயன்பாட்டில் மருந்தைவிடப் படுத்துவது கடிகாரம். சாதா மாத்திரை அரை மணி நேரத்தில் பிடித்து, மூன்று நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும். காலை 8 மணிக்குப் போட்டால் மதியச் சாப்பாட்டு மணிக்கு முன்பே தீர்ந்துவிடும், இரண்டாவது வேளையைப் பள்ளியில் யாராவது கொடுக்க வேண்டும். எஸ்ஆர் என்று வரும் மெதுவாகக் கரையும் வகை ஏறக்குறைய எட்டு மணி நேரம் தாங்கும். அதைக் கடித்தோ நுணுக்கியோ கொடுத்தால் மொத்த மருந்தும் ஒரே மூச்சில் இறங்கும்: காலையில் படபடப்பு, மதியம் ஒன்றுமில்லை. "மாத்திரை கேட்கலை" என்ற புகாரில் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

ஆறு வயதுக்கு மேல் வழக்கமாக 5 மி.கி. இரண்டு வேளை என்று தொடங்கி, வாரத்துக்கு 5 அல்லது 10 மி.கி. கூட்டுவார்கள், நாளுக்கு 60 மி.கி.க்கு மேல் போவதில்லை. கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் வேலை. பிள்ளை சுரத்தில்லாமல் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தால் அது அடக்கமல்ல. அளவு அதிகம் என்று அர்த்தம். சாயங்காலம் மருந்து இறங்கும்போது ஒரு மணி நேரம் சிணுங்கலும் கோபமும் வரலாம். அந்த நேரத்தில் டியூஷன் வைப்பது வீண் சண்டை.

பசி பெரும்பாலும் அடிபடும். மதிய டப்பா அப்படியே திரும்பி வரும், திட்டிப் பயனில்லை. மாத்திரைக்கு முன்னால் இட்லியோ தோசையோ முட்டையோடு வயிறு நிறையக் கொடுத்துவிட்டு, ராத்திரி 8 மணிக்குப் பசி திரும்பும்போது பெரிய சாப்பாடாக வைப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவருகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரமும் எடையும் குறித்து வையுங்கள், வளர்த்தி சற்று மந்தப்படலாம். அளவு மாறும்போதெல்லாம் நாடியும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். மாத்திரையோடு காபி வேண்டாம். சளிக்கு வாங்கும் கலவை மாத்திரைகள் பலவற்றில் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடிய பினைல்எப்ரின் என்ற மூக்கடைப்பு மருந்து இருக்கும், மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். நெஞ்சுவலி, மயக்கம், இல்லாததைப் பார்ப்பது என்றால் அன்றைக்கே மருத்துவமனை.

வாங்குவதுதான் பெரிய அலைச்சல். இது எக்ஸ் அட்டவணை மருந்து, அதாவது விற்பனைக்குச் சட்டம் கடும் கட்டுப்பாடு வைத்திருக்கும் பட்டியலில் உள்ளது. தனி உரிமம் உள்ள கடையில்தான் விற்கலாம், சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும். தெருமுனை மெடிக்கலில் "இல்லை" என்றால் அவர் மேல் குற்றமில்லை. உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ மதுரைக்குப் பஸ் ஏறுமுன் கடைக்குப் போன் போட்டு இருப்பைக் கேளுங்கள். பொங்கல், சித்திரைத் திருவிழா நாட்களுக்கு முன்பே சீட்டைக் காட்டி மருந்தை வாங்கிவிடுவது நல்லது. பரீட்சை நேரத்தில் அண்ணன் ஒன்று கேட்டாலும் ஒரு மாத்திரைகூடக் கைமாறக் கூடாது: அவனுக்குத் தூக்கம் போகும், பிள்ளைக்கு மாத்திரை எண்ணிக்கை குறையும், சட்டப்படியும் குற்றம்.

வருஷத்துக்கு ஒருமுறை மருந்து இன்னும் தேவையா என்று மருத்துவரோடு பேசி நிறுத்திப் பார்ப்பார்கள். பலர் அதை மே லீவில் செய்துவிட்டு "இப்ப நல்லாத்தானே இருக்கான்" என்று முடிவு கட்டுகிறார்கள். லீவில் கணக்குப் பாடமும் இல்லை, நாற்பது பேர் வகுப்பும் இல்லை. பள்ளி திறந்து பிள்ளை பழகிய பிறகு, பரீட்சை இல்லாத இரண்டு வாரத்தைத் தேர்ந்தெடுத்து, மருத்துவர் சொல்படி நிறுத்திப் பாருங்கள்; பிள்ளை எப்படி இருந்தான் என்று வகுப்பு ஆசிரியரிடம் தினமும் இரண்டு வரி எழுதி வாங்குங்கள்.