ஓப்பன் கேமரா: பள்ளிப் புவியியல் புகைப்படப் போட்டிக்குத் தோதான செயலி

‘நம் ஊரும் உலகமும்’ மாதிரித் தலைப்பில் பள்ளிகளில் புகைப்படப் போட்டி வைத்தால், எங்கே எடுத்தது, எந்தத் திசையைப் பார்த்து, எத்தனை மணிக்கு என்ற மூன்று கேள்விகளுக்கும் படம் பதில் வைத்திருக்க வேண்டும். போனோடு வரும் கேமராவில் பெரும்பாலும் இடமும் நேரமும் பதிவாகும், திசை பல போன்களில் விடுபட்டுவிடும். மூன்றையும் நம் கட்டுப்பாட்டில் தருகிற செயலி ஓப்பன் கேமரா. மார்க் ஹார்மன் உருவாக்கியது. இலவசம், விளம்பரம் இல்லை, மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. ஆண்ட்ராய்டுக்கு மட்டும்தான், ஐபோனில் கிடையாது.

நிறுவியதும் இடப்பதிவு அணைந்தே இருக்கும். செட்டிங்ஸில் லொகேஷன் பகுதிக்குப் போய் இடத்தைச் சேமிக்கும் தேர்வையும், அதற்குக் கீழே திசைகாட்டித் தேர்வையும் போட வேண்டும். ஆண்ட்ராய்டு அனுமதி கேட்கும்போது ‘துல்லியமான இடம்’ என்பதையே தேர்ந்தெடுங்கள். ‘தோராயமான இடம்’ கொடுத்தால் சந்தையில் எடுத்த படம் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி வரைபடத்தில் போய் உட்காரும். திரையில் இடத்துக்கான ஒரு குறி வரும். அதன் குறுக்கே கோடு இருந்தால் இடம் இன்னும் கிடைக்கவில்லை. மஞ்சள் புள்ளி என்றால் கிடைத்திருக்கிறது, ஆனால் பிழை 25 மீட்டருக்கு மேல். பச்சை வரும்வரை பொறுங்கள். தகரக் கூரைக்குக் கீழே பச்சை எளிதில் வராது, வெளியே ஒரு நிமிடம் நின்றுவிட்டு உள்ளே போக வேண்டும்.

திசைகாட்டிக்கு எதிரி இரும்பு. கன்டெய்னர் (கப்பலில் சரக்கு வரும் இரும்புப் பெட்டி), பஸ், இரும்புக் கதவு பக்கத்தில் நின்றால் திசை கணிசமாகத் தவறிவிடும். நன்றாகத் தள்ளி நின்று, போனைக் காற்றில் எட்டுப் போடுவதுபோல் சுழற்றிவிட்டு எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். போனில் காந்தம் வைத்த உறை இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள்.

இந்தத் தலைப்புக்குக் கன்டெய்னரைவிட நல்ல பொருள் குறைவு. அதன் பக்கவாட்டில் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கட்டம் போட்ட ஒரு சரிபார்ப்பு இலக்கம் இருக்கும். முதல் மூன்றெழுத்து உரிமையாளரைக் குறிக்கும், நான்காவது ‘யூ’ என்றால் சரக்குக் கன்டெய்னர். உள்ளே இருக்கும் சரக்கு எந்த நாட்டுது என்று அந்த எழுத்துகள் சொல்லாது, விளக்கக் குறிப்பில் அப்படி எழுதிவிடாதீர்கள். துறைமுக வளாகத்துக்குள் அனுமதியில்லாமல் எடுக்க முடியாது. தூத்துக்குடிக்குப் போகும் நெடுஞ்சாலையில், பாதுகாப்பான தூரத்தில் நின்று எடுத்தால் போதும்.

ஓடும் லாரிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. எழுத்துகளின் உயரம் சுமார் 10 செ.மீ. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் லாரி, ஷட்டர் 1/100 விநாடி திறந்திருந்தால் அதற்குள் 17 செ.மீ. நகர்ந்துவிடும், எழுத்தே கரைந்துபோகும். 1/1000 வைத்தால் நகர்வு 1.7 செ.மீ.தான். உச்சி வெயிலில் கேமரா தானாகவே இந்த ஷட்டர் வேகத்தைத் தாண்டிவிடும். வெளிச்சம் மங்கும் சாயங்காலத்தில் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வை 800க்கு மாற்றி, ஷட்டர் வேகத்தைக் கையால் வைக்க வேண்டும். அந்த வசதி தெரியவில்லை என்றால் செட்டிங்ஸில் கேமரா ஏபிஐ என்பதை ‘கேமரா2’ ஆக்கிப் பாருங்கள். சில விலை குறைந்த போன்களில் அதற்குப் பிறகும் வராது.

கன்டெய்னர் கண்ணில் படாத ஊரில் ரேஷன் கடை போதும். அங்கே விற்கிற பாமாயில் பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வருவது. பாக்கெட்டோடு கடைப் பலகையும் சேர்ந்து தெரியட்டும், அப்போதுதான் உள்ளூரும் உலகமும் ஒரே சட்டகத்துக்குள் வரும். வாசல் வெயில், உள்ளே நிழல் என்பதால் வெளிச்சமும் இருட்டும் சேர்ந்து தெளிவாக வரவைக்கும் ஹெச்டிஆர் முறை உதவும். ஆனால் அது பல படங்களைக் கோப்பது, வரிசை நகர்ந்தால் ஆட்கள் ஆவிபோல் இரட்டையாகத் தெரிவார்கள். ஆட்கள் இருந்தால், ஒரே படத்தில் நிழலைச் சரிசெய்யும் டிஆர்ஓ முறைக்கு மாறுங்கள். பார்கோடு 890 என்று தொடங்கினால் இந்தியத் தயாரிப்பு என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. அந்த எண்ணை வழங்கியது இந்தியப் பதிவு அமைப்பு, அவ்வளவுதான். உறையில் அச்சிட்ட தயாரிப்பு நாட்டைப் படமெடுங்கள்.

காரைக்குடிப் பக்கம் இருப்பவர்களுக்குச் செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூண்கள் இருக்கின்றன. தூண் சாயாமல் வர ஆட்டோ லெவல் வசதி நல்லது. சாய்வைச் சரிசெய்யும்போது படத்தின் ஓரத்தை வெட்டும் என்பதால் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள்.

குறைகளும் உண்டு. போன் நிறுவனம் தன் கேமராவில் செய்யும் இரவு மெருகூட்டல் பல போன்களில் இதில் வராது, அப்போது இருட்டில் புள்ளிபுள்ளியாகத் தெரியும். சில போன்களில் அகலக் கோண லென்ஸும் கைக்கு வராது. படத்தின்மேல் தேதியும் இடமும் பொறிக்கும் ஸ்டாம்ப் வசதி கண்ணுக்குப் பிடித்தாலும் போட்டிக்கு வேண்டாம். எழுத்து உள்ள படத்தை நடுவர்கள் ஒதுக்கலாம், பொறித்ததை அழிக்கவும் முடியாது. கோப்புக்குள் பதிவாகும் விவரமே போதும்.

கடைசியில் பலரும் கோட்டைவிடுவது அனுப்பும்போது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இடம், திசை, நேரம் எல்லாம் அழிந்துவிடும். வழக்கமான தரத்தில் நீளப் பக்கமும் 1600 பிக்சலுக்குச் சுருங்கும். ஏ4 தாளில் அச்சிட்டால் அது அங்குலத்துக்கு 137 புள்ளிதான், 300 இருந்தால்தான் நேர்த்தி. 12 மெகாபிக்சல் மூலக் கோப்பு அதற்குத் தாராளம். போனின் டிசிஐஎம் கோப்புறைக்குள் ஓப்பன்கேமரா என்ற கோப்புறையில் கோப்பு இருக்கும். அதை ‘ஆவணம்’ என்று இணைத்து அனுப்புங்கள். வீட்டுக்குள் எடுக்கும் படங்களுக்கு மட்டும் இடப்பதிவை முதலிலேயே அணைத்துவிடுங்கள், பிள்ளையின் முகவரி கோப்போடு ஊர் சுற்ற வேண்டாம்.