வகை வாரியா, கருப்பொருள் வாரியா, ஒரே நூலா? எட்டு, ஒன்பதாம் வகுப்புத் தமிழுக்கு எது ஒத்துவரும்

13, 14 வயதுப் பிள்ளைகளின் தமிழ் வகுப்பை ஓர் ஆண்டுக்கு எப்படி அடுக்குவது என்று கேட்டால் மூன்று விதமான பதில் வரும். கவிதைக்குச் சில வாரம், சிறுகதைக்குச் சில வாரம், நாடகத்துக்குச் சில வாரம் என்று வகை வாரியாகப் போவது ஒன்று. நட்பு, இயற்கை, நீதி என்று ஒரு கருப்பொருளை வைத்துக்கொண்டு அதன் கீழ் செய்யுள், கட்டுரை, கதை எல்லாவற்றையும் கலந்து தருவது இன்னொன்று. ஒரே முழு நூலைப் பல வாரம் வாசித்து, மொழிப்பயிற்சியையும் அதிலிருந்தே எடுப்பது மூன்றாவது. இவற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு பழைய வழக்கும் வரும்: இலக்கணத்துக்குத் தனிப் பாடவேளை வேண்டுமா, பாடத்துக்குள்ளேயே அதை நடத்தலாமா?

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வயதுக்கு வகை வாரியாகப் போவதுதான் நல்லது. ஆனால் ஓர் ஆண்டில் மூன்று, மிஞ்சினால் நான்கு வகை போதும். இலக்கணத்தைத் தனியே பிரிக்க வேண்டாம், செய்யுள் கட்டும் இலக்கணமான யாப்பு மட்டும் விதிவிலக்கு.

இந்தச் சண்டை புதிதல்ல. எட்டுத்தொகையைத் தொகுத்தவர்கள் முன்னாலும் இதே கேள்வி இருந்திருக்கிறது. அகம், புறம் என்று பொருளால் பிரித்தார்கள். அகப்பாடல்களை அடி அளவாலும் பிரித்தார்கள்: நான்கு முதல் எட்டு அடி வரை பெரும்பாலும் குறுந்தொகை, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நற்றிணை, பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரை அகநானூறு. கலித்தொகைக்கும் பரிபாடலுக்கும் பாவகையே பெயரைக் கொடுத்தது. ஐங்குறுநூற்றில் திணைக்கு நூறு பாட்டு. ஒரே தொகுப்பு வரிசைக்குள் நான்கு விதமான அடுக்கு! எந்த அளவுகோலை எடுக்கிறோமோ, அதற்கேற்ப ஒன்று தெரியும், இன்னொன்று மறையும். பாடத்திட்டத்திலும் நடப்பது அதுதான்.

வகை வாரியாகப் போனால்

இதன் பெரிய பலம் அடுத்தடுத்து வாசிப்பதில் இருக்கிறது. ஒரே மாதத்தில் நான்கு சிறுகதை வாசித்த பிள்ளைக்கு ஐந்தாவது கதையின் முதல் பத்தியிலேயே ஏதோ பொறி தட்டும். 'இவர் எதையோ மறைக்கிறார், கடைசியில்தான் சொல்லப்போகிறார்' என்று அவனே சொல்வான். சிறுகதையின் இலக்கணத்தை யாரும் சொல்லித்தராமலே அவன் கண்டுபிடித்துவிட்டான். ஜூலையில் ஒரு கதை, டிசம்பரில் ஒரு கதை என்று வாசிப்பவனுக்கு இது கைகூடாது, ஒப்பிட்டுப் பார்க்க நினைவில் எதுவும் மிச்சமிருக்காது.

பலவீனம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 'சிறுகதையின் கூறுகள் யாவை?' என்ற கேள்வியில் போய் நின்றுவிடும். கதைமாந்தர், களம், முரண், உச்சம், முடிவு என்று ஐந்து பெயரை நோட்டில் எழுதிக்கொண்டு, கதை கதையாக ஒட்டிக்கொண்டே போவார்கள். கவிதை மாதத்தின் மூன்றாவது வாரத்தில் பாதி வகுப்பு 'எனக்குக் கவிதை வராது' என்று முடிவு கட்டிவிடும் ஆபத்தும் உண்டு. அந்த மாதம் காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கு அந்த ஆண்டின் கவிதை மொத்தமும் போச்சு.

வகைப்பெயர்கள் பெருகுவது இன்னொரு தொல்லை. சிற்றிலக்கியம் 96 என்று சொல்வது மரபு. பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம், அதில் முதல் ஏழு பொது, கடைசி மூன்று ஆண்பாலுக்கு வேறு, பெண்பாலுக்கு வேறு. அழகான கணக்குதான். ஆனால் ஒரு பருவத்துப் பாடலைக்கூட வாய்விட்டுப் படிக்காமல் பத்துப் பெயரையும் மனப்பாடம் செய்வதால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அப்புறம், பெட்டிக்குள் அடங்காத நூல்கள் இருக்கின்றன. சிலப்பதிகாரத்துக்கு உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள் என்றே ஒரு பெயர், பாட்டுக்கு நடுவே உரைநடையும் வரும். 1891இல் வெளிவந்த மனோன்மணீயம் நாடகம்தான், ஆனால் செய்யுளில் எழுதப்பட்ட நாடகம். இதைச் சிலர் வகை வாரிப் பாடத்துக்கு எதிரான வாதமாகச் சொல்கிறார்கள். எனக்கு இது சாதகமாகவே படுகிறது. பெட்டி எது என்று தெரிந்த பிள்ளைதான் 'இது எந்தப் பெட்டியிலும் உட்காரவில்லையே' என்று கேட்பான்.

கருப்பொருள் வாரியாகப் போனால்

வகுப்பு உயிரோடு இருக்கும், அதில் சந்தேகமில்லை. 'நீதி' என்று தலைப்பு வைத்து ஒரு பழம்பாடல், ஒரு செய்திக் கட்டுரை, ஒரு நாடகக் காட்சி என்று தந்தால், பாடல் பிடிக்காதவன் கட்டுரையிலாவது வந்து ஒட்டிக்கொள்வான். வாசிப்புத் திறன் மேடும் பள்ளமுமாக இருக்கும் வகுப்புக்கு இது பெரிய வசதி. ஒரு வாரம் வராத பிள்ளைக்கும் நட்டம் குறைவு.

சரி, எங்கே சறுக்கும்? பேச்சு பாடத்தை விட்டு விஷயத்துக்கு ஓடிவிடும். நட்பைப் பற்றிய பாடலைக் கையில் கொடுத்தால் பத்து நிமிடத்தில் பாடல் மேசையில் கிடக்கும், வகுப்பு தன் நண்பர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். பேசட்டும், நல்லதுதான். ஆனால் முடிவில் வரும் கட்டுரை 'ஆகவே நல்ல நண்பர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்' என்று முடியும். அதை எழுத அந்தப் பாடல் தேவையே இல்லை. பாடலில் நண்பன் ஏன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்ற கேள்வியை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

ஆசிரியருக்கும் வேலை அதிகம். ஒரே பொருளில், ஒரே தரத்தில், மூன்று வகைப் பனுவல் தேடுவது லேசான காரியமல்ல. கிடைக்காதபோது தலைப்புக்குப் பொருந்துகிறது என்பதற்காகவே சுமாரான கதை ஒன்று உள்ளே நுழைந்துவிடும். கருப்பொருள் வாரிப் பாடநூல்களில் நான் அதிகம் குறைப்பட்டுக்கொள்வது இதைத்தான்.

வயது கொஞ்சம் ஏறியபின், வகைகளின் நடை பழகிய பிறகு, இதுவே சிறந்த வழியாகிவிடலாம். இந்த வயதில் சீக்கிரம் என்பது என் எண்ணம்.

ஒரே முழு நூல்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். நெடிய வாசிப்புக்கு உடம்பு பழக வேறு வழியில்லை. நாவலை ஒரு துண்டாகக் கத்தரித்துப் பாடமாக வைத்தால் அது நாவல் வாசிப்பாகாது, முப்பதாம் பக்கத்தில் சொன்ன ஒரு சொல் இருநூறாம் பக்கத்தில் வந்து கடிக்கும் அனுபவம் துண்டில் வராது. ஆனால் நூல் பிடிக்காத பிள்ளைக்கு ஒன்றரை மாதம் சிறைதான். ஆண்டுக்கு ஒரு முறை, அதுவும் இரண்டு மூன்று நூல்களில் ஒன்றை வகுப்பே தேர்ந்தெடுக்கும்படி விட்டால் போதும். முழு ஆண்டையும் இதன் மேல் கட்டுவது நியாயமில்லை.

இலக்கணம் எங்கே உட்கார வேண்டும்

தனிப் பாடவேளையை ஆதரிப்பவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. எதுவும் விட்டுப்போகாது, வரிசை இருக்கும், தேர்வுக்குத் துணிந்து போகலாம். ஆனால் 'செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றுக' என்ற பயிற்சியில் 'கயல் பாட்டுப் பாடினாள்' என்பது 'கயலால் பாட்டுப் பாடப்பட்டது' ஆகும். மதிப்பெண் கிடைக்கும். இப்படி ஒரு வாக்கியத்தை யாராவது எப்போதாவது ஏன் எழுத வேண்டும் என்பது மட்டும் தெரியாமலே போகும்.

வகை வாரிப் பாடத்தில் இதற்கு இயல்பான இடம் இருக்கிறது. ஒரே நிகழ்ச்சியை நான்கு வகையில் எழுதச் சொல்லிப் பாருங்கள். பள்ளி மைதானத்தில் ஒரு மரத்தை வெட்டிவிட்டார்கள், அவ்வளவுதான் நிகழ்ச்சி. முதலில் செய்தி:

'மைதானத்தின் வடக்கு மூலையில் இருந்த பழைய மரம் நேற்றுக் காலை வெட்டப்பட்டது. கட்டட விரிவாக்கத்துக்காக அது அகற்றப்பட்டதாக நிர்வாகம் தெரிவித்தது.'

சிறுகதையின் தொடக்கம்:

'மணி அடித்ததும் கயல் ஓடி வந்தாள். மரம் இருந்த இடத்தில் வெயில் விழுந்து கிடந்தது.'

நாடகம்:

கயல்: எங்கே மரம்?
காவலாளி: வெட்டியாச்சு.
கயல்: யாரு?
(காவலாளி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்கிறார்.)

கவிதை:

கூடு தேடிக்
கிளை தேடி
வானம் சுற்றும் காகம்

இப்போது இலக்கணத்துக்கு வாருங்கள். செய்தியில் வெட்டியவர் யார்? 'வெட்டப்பட்டது' என்ற செயப்பாட்டு வினை அவரை வாக்கியத்திலிருந்தே இறக்கிவிட்டது. இரண்டாம் வாக்கியத்தின் அயற்கூற்று நிர்வாகத்தின் குரலையும் தள்ளி வைக்கிறது. நாடகத்தில் கயல் கேட்கும் 'யாரு?' என்ற ஒற்றைச் சொல், செய்தி மறைத்த அந்த ஆளைத்தான் கேட்கிறது. செயப்பாட்டு வினை எதற்குப் பயன்படுகிறது, யாருக்குப் பயன்படுகிறது என்பதை ஒரு பிள்ளை இங்கே பார்த்துவிட்டால், பிறகு 'படு' சேரும், 'பெறு' சேரும் என்ற வாய்பாடு தானாக நிற்கும். காலத்தையும் இங்கேயே காட்டலாம்: செய்தியும் கதையும் இறந்தகாலத்தில் ஓடுகின்றன, அடைப்புக்குறிக்குள் உள்ள நாடகக் குறிப்பு மட்டும் 'நகர்கிறார்' என்று நிகழ்காலத்தில் நிற்கிறது. ஏன் என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். 'மேடையில் இப்பத்தானே நடக்குது' என்று யாராவது சொல்வார்கள்.

கவிதை இன்னும் வளமானது. 'கூடு தேடி' என்பதை விரித்தால் 'கூட்டைத் தேடி'. இரண்டாம் வேற்றுமை உருபு மறைந்திருக்கிறது, வேற்றுமைத் தொகை. 'வானம் சுற்றும்' என்பதிலும் அதே கதை. உருபுகளையெல்லாம் திரும்ப ஒட்டி, கடைசியில் ஒரு வினைமுற்றையும் கொடுத்தால் 'கூட்டைத் தேடி, கிளையைத் தேடி வானத்தைச் சுற்றுகிறது காகம்' என்று வரும். கவிதை போய்விட்டது, தகவல்தான் மிச்சம். தொகை என்பது 'இலக்கணக் குறிப்பு தருக' கேள்விக்கான விடை மட்டுமல்ல, கவிதையை இறுக்கிக் கட்டும் கயிறு என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை. கூடவே ஒற்றும் வந்துவிடுகிறது: 'கூட்டைத் தேடி' என்று விரிந்தால் வல்லினம் மிகும், 'கூடு தேடி' என்று தொக்கு நின்றால் மிகாது. மிகும் இடம், மிகா இடம் என்று நீண்ட பட்டியலைப் பலகையில் எழுதிப் போடுவதைவிட, பிள்ளைகளின் நோட்டில் வரும் ஒற்றுப்பிழைகளிலிருந்து வாரத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்வது மேல்.

கருப்பொருள் வாரிப் பாடத்தில் இது முடியாதா என்றால், முடியும். ஆனால் அங்கே ஒவ்வொரு பனுவலும் விஷயத்துக்காக வந்திருக்கிறது. அதன் வினைமுற்றைப் பார் என்றால் பாடம் தடம் மாறியது போலத் தோன்றும். வகை வாரிப் பாடத்தில் அந்தக் கேள்விதான் பாடமே.

யாப்புக்கு ஏன் விதிவிலக்கு

யாப்பு பழக்கத்தால் வருவது. அசை, அதாவது சீருக்குள் இருக்கும் ஒலித்துண்டு, பிரிக்கக் கை பழகாத பிள்ளை கவிதை வகுப்பின் நடுவில் அதைக் கற்றுக்கொண்டு, உடனே சுவைக்கவும் செய்வான் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். ஆகவே தனியே சில பாடவேளை, கணக்கு வகுப்பு போலவே நடக்கட்டும். திருக்குறளின் முதல் குறளே போதும் (அடைப்புக்குறிக்குள் இருப்பது அந்தந்தச் சீரின் வாய்பாடு): அகர (புளிமா), முதல (புளிமா), எழுத்தெல்லாம் (புளிமாங்காய்), ஆதி (தேமா), பகவன் (புளிமா), முதற்றே (புளிமா), உலகு (பிறப்பு). நான்கும் மூன்றுமாக ஏழு சீர். வழக்கமான வகுப்பு இங்கே 'அலகிட்டு வாய்பாடு எழுதுக' என்று நின்றுவிடும். ஒரு படி கூடுதலாகப் போங்கள்: மாவில் முடியும் சீரை அடுத்து நிரை ('அக', 'முத' போன்ற ஈரெழுத்து அசை) வர வேண்டும், காயில் முடியும் சீரை அடுத்து நேர் ('ஆ', 'தி' போன்ற ஓரெழுத்து அசை) வர வேண்டும், வந்திருக்கிறதா என்று சரிபார்க்கச் சொல்லுங்கள். 'முதல' மாவில் முடிய, அடுத்த சீர் 'எழுத்' என்று நிரையில் தொடங்குகிறது. 'எழுத்தெல்லாம்' காயில் முடிய, 'ஆ' என்று நேர் வருகிறது. கணக்கு ஒத்துவருவதைப் பார்க்கும்போது இலக்கணம் பிடிக்காத பையன்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். பிறகு எந்தச் சீரையாவது மாற்றி, சீரோடு சீரைப் பிணைக்கும் இந்தத் தளையை உடைக்கச் சொன்னால், வகுப்பில் சத்தம் கூடும். அந்தச் சத்தம் பரவாயில்லை.

தேர்வுத் தாள்

எந்த வழியை எடுத்தாலும் கடைசியில் வினாத்தாள்தான் தீர்ப்பு எழுதுகிறது. வகை வாரியாக நடத்திவிட்டு 'நாடகத்தின் கூறுகளை விளக்குக' என்று நெடுவினா கேட்டால், அடுத்த ஆண்டு பிள்ளைகள் கூறுகளை மட்டுமே படிப்பார்கள். கருப்பொருள் வாரியாக நடத்திவிட்டு 'இயற்கையைப் போற்றுதல்' என்று கட்டுரை கேட்டால், பாடம் நடத்தாமலே எழுதியிருக்கலாம்.

நான் கேட்பது இப்படி இருக்கும்: இதுவரை பார்க்காத ஐந்து வரிச் செய்தி ஒன்று தந்து, அதைச் சிறுகதையின் முதல் பத்தியாகவோ நாடகக் காட்சியாகவோ மாற்றச் சொல்வேன். கீழே மூன்று வரியில், எதை விட்டீர்கள், எந்த வினையை மாற்றினீர்கள், ஏன் என்று எழுத வேண்டும். பாதி மதிப்பெண் அந்த மூன்று வரிக்கு. திருத்தும் ஆசிரியருக்கும் இது சுமையில்லை: அந்த மூன்று வரியை முதலில் படித்துவிட்டு மேலே போனால், நடை சுமாராக இருந்தாலும் யோசித்து எழுதிய தாள் எது, மனப்பாட நடையில் மினுக்கிய தாள் எது என்று பிரிக்க அதிக நேரம் பிடிக்காது.